பாய் விரிக்கும் ஆட்டம்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று சொல்லாதது: முப்பத்தாறில் இருபத்தொன்பது.

கிளப் அலுவலகத்தில் மேனேஜர் ரகுராமன் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காலேஜ்ல ஜெயிச்ச ஆட்டம் புரொஃபஷனல் லீக்ல செல்லுமா?" ராணிக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்து மூன்று வருடக் கணக்கைக் காட்டினேன். முப்பத்தாறு ஆட்டங்கள், முப்பத்தொரு வெற்றிகள். சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

அந்த முப்பத்தாறில் இருபத்தொன்பது எங்கள் கல்லூரி மைதானத்திலேயே நடந்தவை. மண்டலப் போட்டிகளை மூன்று வருடமும் எங்கள் கல்லூரிதான் நடத்தியது. சார் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத நினைத்தேன். தெரியவில்லை.

புது நோட்டு. பிற்பாடு படிக்கப்போகிற நான் மறந்திருக்கக்கூடும் என்பதால் ஒருமுறை எழுதி வைக்கிறேன். ராணிக்கா என்பவர் தவராணி, காரைக்குடிப் பக்கம் எங்கள் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியை. முப்பத்தாறு வயது. போன மாதம் திருச்சிக் கிளப் அவரைப் பெண்கள் கால்பந்து அணிக்குக் கோச்சாக எடுத்துக்கொண்டது. இந்த வருட லீக்கில் ஆறு ஆட்டங்கள். அதன்பிறகு அவரை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார்கள். அவர் தன்னோடு கல்லூரி அணியின் பாதிப் பேரை அழைத்து வந்தார். என்னையும். நான் மூன்றாவது கோல்கீப்பராக இருந்தவள். மூன்று வருடத்தில் பதினொரு நிமிடம் ஆடியிருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் மூலைக்கொடி நட்டேன், நூலக பால்கனியிலிருந்து வீடியோ எடுத்தேன், எண்களைக் குறித்தேன். இப்போது என் அடையாள அட்டையில் 'அனலிஸ்ட்' என்று இருக்கிறது.

ஆட்டத்துக்குப் பெண்கள் வைத்த பெயர் பாய். பந்து நம் காலுக்கு வந்ததும் ராணிக்கா "விரி" என்று கத்துவார். நான்கு பேர் இரண்டு பக்கமும் ஓரக்கோட்டுக்கு ஓடி, சுண்ணாம்பை மிதித்துக்கொண்டு நிற்பார்கள். எதிரணி அவர்களைத் தேடி அகலும்போது நடுவில் இடம் திறக்கும். பந்து பறிபோனால் "சுருட்டு." விரித்தவர்கள் எல்லாரும் உயிரைக் கொடுத்துத் திரும்பி ஓட வேண்டும். இடதுகோடியில் விரித்துச் சுருட்டுகிறவள் நாகஜோதி. உறையூரில் கிளப் எடுத்துக் கொடுத்த வீட்டில் என் அறையில் இருப்பவளும் அவள்தான்.

ஜனவரி 8, வியாழன்

முதல் முழுப் பயிற்சி. நாகு தண்ணீர் குடிக்க வந்தவள் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏண்டி வதனி, இந்த கிரவுண்டு ஏன் இப்பிடி மூச்சு முட்டுது?"

"வெயில்."

"வெயிலெல்லாம் நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன். நம்ம காலேஜ்ல பந்தை வாங்கி, திரும்பி, அம்மாவுக்கு ஒரு போனைப் போட்டுட்டுக்கூட பாஸ் குடுக்கலாம். இங்கிட்டு பந்து வர்றதுக்குள்ள ஒருத்தி மேல வந்து விழுகுறா."

"இவங்க எல்லாம் பல வருஷம் லீக் ஆடினவங்க. வேகமா வருவாங்க."

"நாமளும்தானடி இப்ப புரொஃபஷனல். டிராக் சூட்டெல்லாம் குடுத்திருக்காய்ங்க."

மாலையில் வீடியோ பார்த்தேன். உண்மையிலேயே நெருக்கமாகத்தான் தெரிகிறது. கல்லூரியில் பால்கனி உயரம், இங்கே இரும்புச் சாரம். லென்சும் வேறு. லென்ஸ்தான் காரணமாக இருக்க வேண்டும்.

ஜனவரி 10, சனி

0-2. வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைவது இன்று என் முறை. யாரும் இரண்டுக்கு மேல் சாப்பிடவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

துணி துவைத்துவிட்டு நேற்றைய ஆட்டத்தை இரண்டு முறை பார்த்தேன். புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்: சுருட்டல். முன்னால் ஓரக்கோட்டில் நின்றவள் நம் கோலை நோக்கி முழு வேகத்தில் எத்தனை முறை திரும்பி ஓடினாள் என்ற கணக்கு. நாகஜோதி: 27.

பழைய வீடியோக்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து அதையே எண்ணினேன். சராசரி ஒன்பது.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. பந்து அடிக்கடி பறிபோகிறது, அதனால் அடிக்கடி ஓடுகிறாள். அது சரி. ஏன் பறிபோகிறது? எதிரணி நல்ல அணி என்பதாலா? நாங்கள் மோசமான அணி என்பதாலா? பாய் என்பதே சின்னப் பெண்களை ஏமாற்றும் வித்தைதானா? மூன்றுக்கும் ஒரே வீடியோவைச் சாட்சியாகக் காட்டலாம்போல் இருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வீட்டில் பதினொரு பெண்கள், ஒரே அடுப்பு. கர்நாடகத்திலிருந்து வந்த கோல்கீப்பர் பால் பொங்கும்போது "கோல்!" என்று கத்தினாள். எல்லாரும் சேர்ந்து கத்தினோம். கீழ்வீட்டு மாமா மேலே வந்து பார்த்துவிட்டுக் கரும்பு கொடுத்துவிட்டுப் போனார்.

நாகு இடது முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு கரும்பு தின்றாள். காலையில் அவளுக்கு ரயில்வேயிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிப்ரவரி 23, சென்னையில் அணித் தேர்வு. அடுத்த தேர்வு எப்போது வந்தாலும் அவளுக்கு வயது தாண்டியிருக்கும். கடிதத்தை நெய்க்கறை படாமல் என் புத்தகத்துக்குள் வைக்கச் சொன்னாள்.

"பத்தரமா வை. நீ எப்பவும் படிச்சிக்கிட்டே இருப்ப, தொலையாது."

"முட்டி எப்படி இருக்கு?"

"முட்டி முட்டியாத்தான் இருக்கு."

ஜனவரி 17, சனி

2-1 ஜெயித்தோம். இரண்டு கோலுமே அவர்களுடைய கோல்கீப்பர் நழுவவிட்டவை. சுருட்டல்: 29.

ரகுராமன் சார் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார். "விரிச்சு ஆடுறது வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சுல்ல?" என்று என்னிடம் கேட்டார். "முன்னேற்றம் இருக்கு சார்" என்றேன். அந்த வாக்கியம் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐஸ்கிரீம் உருகும்வரை யோசித்திருப்பேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மாவட்ட நூலகத்தில் எடுத்த புத்தகம் நில அளவையின் வரலாறு. இருநூறு வருடத்துக்கு முன் இரும்புச் சங்கிலியை வெயிலில் இழுத்துக்கொண்டு தேசத்தையே அளந்திருக்கிறார்கள். வெயிலில் சங்கிலி நீண்டுவிடும். அதனால் அளந்தவர்கள் கூடவே வெப்பமானியையும் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு தடவையும் திருத்தம் போட்டார்கள். நாகுவின் கடிதம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

படித்துக்கொண்டிருந்தபோது அந்த மற்ற ஏழு ஆட்டங்களின் ஞாபகம் வந்தது. வெளியூரில் ஆடிய ஏழில் ஜெயித்தது இரண்டு. சொந்த மைதானத்தில் இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது.

புத்தகம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

பயிற்சிக்கு அரைமணி முன்பே போய்விட்டேன். ஓரக்கோட்டிலிருந்து எதிர் ஓரக்கோடு வரை நடந்தேன். தொண்ணூற்றொரு காலடி. சும்மா நடந்தேன்.

ஜனவரி 24, சனி

1-3. சுருட்டல்: 33.

எழுபதாவது நிமிடத்தில் நாகு பின்னால் ஓடாமல் இடுப்பில் கைவைத்து நின்றாள். அப்போது அவர்கள் மூன்றாவது கோல் போட்டார்கள். கூட்டத்தில் ஒருவர், "ஏம்மா, பஸ்ஸுக்கு நிக்கிறியா?" என்று கத்தினார். நாகு அவர் பக்கம் திரும்பி, "ஆமா, நீங்க எந்த ஊரு?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராணிக்கா சிரிக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சொல்லி ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். சான்றிதழ் வாங்க வேண்டியது உண்மைதான். அது பத்து நிமிட வேலை. பிறகு மைதானத்துக்குப் போனேன்.

மார்க்கர் சேவியர் அண்ணன் ஷெட்டு வாசலில் சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்லூரியில் எல்லா விளையாட்டுக்கும் கோடு போடுகிறவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் சல்லடையை வைத்துவிட்டு எழுந்தார்.

"வாம்மா வதனி. என்னா, பெரிய டீமுக்குப் போயி ஒடம்பு எளைச்சிட்ட? சோறு போடுறாங்களா, நம்பர்தான் போடுறாங்களா?"

"போடுறாங்கண்ணே. ராணிக்கா கேட்டதாச் சொன்னாங்க." கேட்கச் சொல்லவில்லை. வாய் தானாக அப்படிச் சொன்னது.

மைதானத்தில் கோடு அழியாமல் இருந்தது. நடந்தேன். நூற்றெட்டு அடி. திரும்பி நடந்தேன். நூற்றெட்டு.

"என்னம்மா எண்ணுற?"

"அகலம் எவ்வளவுண்ணே?"

"எழுவத்தாறு மீட்டரு." ஷெட்டுக்குள் போய் ஆணியில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்து வந்தார். நீல நைலான் கயிறு. அதன் முனையில் பச்சைக் கயிறு ஒன்று முடிச்சுப் போடப்பட்டிருந்தது. "நீலம் அறுவத்து நாலு. முன்னாடி அதான் அளவு. ராணி மேடம் வந்த மறு வருசம் ரெண்டு பக்கமும் ஆறாறு மீட்டரு தள்ளச் சொன்னாங்க. பச்சை பன்னெண்டு. எங்கிட்ட ஏம்மா கேக்குற? இந்தப் பச்ச முனையப் புடிச்சிக்கிட்டு வெயில்ல நின்னதே நீதான?"

"நானா?"

"பின்ன? கொடி நட்டது யாரு? பழைய கொடிக் குழாய்ல புள்ளைக கால வச்சு சுளுக்கிக்கும்னு கல்லப் போட்டு அடச்சியே, மறந்துட்டியா?"

அவர் காட்டிய இடத்துக்குப் போனேன். ஓரக்கோட்டுக்கு ஆறு மீட்டர் உள்ளே, புல்லுக்குள் ஒரு இரும்புக் குழாயின் வாய். அதற்குள் மூன்று கூழாங்கற்கள். முதல் வருடம். மழை பெய்து ஓய்ந்த மாலை. எனக்கு நினைவு வந்தது. அவை ஏதோ பழைய தண்ணீர்க் குழாய்கள் என்று அப்போது நினைத்திருந்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. படிக்க முடியவில்லை.

ஜனவரி 28, புதன்

விதிப்புத்தகத்தைப் பார்த்தேன். அகலம் நாற்பத்தைந்து மீட்டர் முதல் தொண்ணூறு மீட்டர் வரை இருக்கலாம். எழுபத்தாறு முழுக்கச் சட்டப்படி சரியானது. ராணிக்கா தவறு எதுவும் செய்யவில்லை. தன் அணிக்கு ஏற்ற மாதிரி மைதானத்தைத் தைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் சொல்லலாம்.

திருச்சி மைதானத்தைச் சுற்றி ஓட்டப்பாதை இருக்கிறது. அறுபத்து நாலுக்கு மேல் ஒரு அடிகூட நகர்த்த முடியாது. லீக்கின் மற்ற மைதானங்களும் ஏறக்குறைய அதே அளவு. பன்னிரண்டு மீட்டர் குறைந்தால் விரிக்க இடமில்லை; பந்து பறிபோகும், சுருட்ட வேண்டியதுதான்.

அப்படியென்றால் எங்கள் முப்பத்தொரு வெற்றிகள் யாருடையவை? பெண்களுடையவையா, பாயினுடையவையா, பச்சைக் கயிற்றினுடையவையா? நாகு அந்தப் பாஸ்களைக் கொடுத்தது நிஜம். அவள் காலிலிருந்து போன பந்தை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்தப் பந்தோடு என் எண்களையும் இங்கே தூக்கி வந்தேனே, அவற்றுக்கு இங்கே என்ன பொருள்?

இன்று ராணிக்கா இரண்டு முறை என் மேஜைக்கு வந்தார். இரண்டு முறையும் நான் சொல்லவில்லை. இரண்டாவது முறை அவர் எனக்கு டீ கொண்டு வந்திருந்தார். "நீ இல்லாட்டி எனக்கு இங்க பேச்சுத்தொணைக்குக்கூட ஆள் இல்ல வதனி" என்றார். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

ஜனவரி 31, சனி

1-1. சுருட்டல்: 34.

பிப்ரவரி 4, புதன்

நாகுவின் முழங்கால் கண்ணுக்குத் தெரியும்படி வீங்கியிருக்கிறது. பிசியோ வந்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஓட்டத்தைக் குறைக்கச் சொன்னார். "யார்கிட்டச் சொல்றீங்க? பந்துகிட்டச் சொல்லுங்க" என்றாள் நாகு.

பிறகு, நான் பாத்திரம் துலக்கும்போது பின்னால் வந்து நின்று கேட்டாள்.

"நீதான் எல்லாத்தையும் எழுதுறியே. நான் காலேஜ்ல ஓடுனதவிட இங்க ஜாஸ்தியா ஓடுறனா? இல்ல எனக்குத்தான் வயசாயிருச்சா?"

"பார்த்துச் சொல்றேன்."

குக்கர் மூடியை வெகுநேரம் தேய்த்தேன்.

பிப்ரவரி 7, சனி

0-1. சுருட்டல்: 31. கடைசி இருபது நிமிடம் நொண்டிக்கொண்டே ஓடினாள். நொண்டலைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தேன். சேர்த்தேன். இதை எழுதும்போது என் மீதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிந்து ராணிக்கா கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுருட்டல் பத்தியை அச்சடித்து நீட்டினேன். ஒன்பது. பிறகு 27, 29, 33, 34, 31. பார்த்தார். மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, நம்ம கிரவுண்டு எழுபத்தாறு."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பச்சைக் கயிறு கட்டுன அன்னிலேர்ந்து. நான்தானே கட்டச் சொன்னேன்."

"இங்க வர்றப்ப அதைச் சொல்லலையே அக்கா."

"நீ சொன்னியா?" கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பச்சைக் கயித்தப் புடிச்சது யாரு வதனி? அந்த ரூம்ல லேப்டாப்பைத் தொறந்து காட்டுனது யாரு? நீ சொல்லுவேன்னு நான் இருந்தேன். நான் சொல்லுவேன்னு நீ இருந்த."

நான் கூம்புகளைப் பொறுக்கினேன். அவர் மிச்சக் கூம்புகளை அடுக்கிக்கொண்டே பேசினார்.

"எனக்கு நெசமாவே தெரியலடி. மூணு வருசம் ஆடிட்டாங்க, பாய் இப்ப அவங்க கால்ல இருக்கு, தரை எதுவா இருந்தா என்னன்னு நெனச்சேன். பாதி ராத்திரி முழிச்சா, இல்ல தரையிலதான் இருந்துச்சுன்னு தோணும். வந்து ஆடிப் பாக்காம எப்படித் தெரியும்?"

"இப்பத் தெரிஞ்சிருச்சே அக்கா."

"சரி. தெரிஞ்சிருச்சு. அப்ப என்ன ஆடலாம்? சொல்லு. அஞ்சு நாள் இருக்கு. நீ சொல்றத ஆடுறேன்."

ஐந்து வாரமாக எது தவறு என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எது சரி என்று ஒரு பத்திகூட என்னிடம் இல்லை.

"நாகு மட்டும் விரிக்க வேணாம்க்கா. பின்னாலேயே நிக்கட்டும். இல்லைன்னா உட்கார வைங்க. இருபத்து மூணாந்தேதி அவளுக்கு ரயில்வே."

"எனக்கு மட்டும் தெரியாதா?" என்றார் ராணிக்கா. மைதானத்தின் இடதுகோடியைப் பார்த்தார். "உட்காருவாளான்னு அவகிட்டயே கேளு. எந்திரிச்சு நின்னா பின்னாலேயே நிக்கச் சொல்லு."

பிப்ரவரி 10, செவ்வாய்

நாகு மொட்டைமாடியில் பழைய டூத்பிரஷால் பூட்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, குழாய், எழுபத்தாறு, அறுபத்து நாலு. தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப எனக்கு வயசாகல."

"இல்லை."

"உனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"பதினாலு நாள்."

"பதினாலு நாளு. ரெண்டு மேட்ச்." பிரஷ் நின்றது. "அந்த ரெண்டுலயும் எத்தன தடவ திரும்பி ஓடியிருப்பேன்?"

"அறுபத்தஞ்சு."

சிரித்துவிட்டாள். "தப்பில்லாமத்தான் எழுதி வச்சிருக்க."

சனிக்கிழமை உட்காரச் சொன்னேன். மறுத்துவிட்டாள். ரயில்வேக்காரர்கள் ஆட்டம் பார்க்க வரக்கூடும் என்று யாரோ சொன்னார்களாம். பின்னாலேயே நிற்கிறேன், முன்னால் போக மாட்டேன் என்று மட்டும் ஒத்துக்கொண்டாள். பிறகு அந்த இன்னொரு பூட்ஸை எடுத்து என் பக்கம் போட்டாள். தேய்த்துக் கொடுத்தேன். பதினாலு நாள் என்றது சரியான எண்தானா என்று இப்போது யோசிக்கிறேன். தொண்ணூற்றொரு அடி நடந்த அன்றிலிருந்து எண்ணினால் பத்தொன்பது.

பிப்ரவரி 12, வியாழன்

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கெடு முடிந்துவிட்டது. கடிதத்தை வேறு புத்தகத்துக்கு மாற்றினேன்.

நாகு என்னிடம் உப்பு கேட்டாள். கொடுத்தேன்.

பிப்ரவரி 14, சனி

கடைசி ஆட்டம். 1-0. ஜெயித்தோம்.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். ஒரு மணி நேரம் நாகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நம் பாதியிலேயே நின்று, வந்த பந்தைத் தடுத்து, பக்கத்தில் இருப்பவளுக்குத் தட்டிவிட்டாள். பார்க்க ஒன்றுமில்லாத ஆட்டம். ராணிக்கா ஒருமுறைகூட "விரி" என்று கத்தவில்லை. எதிரணியின் வலதுபக்கப் பெண்கள் இந்தப் பக்கம் வேலை இல்லை என்று கண்டுகொண்டு, மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்ந்தார்கள்.

அறுபத்து மூன்றாவது நிமிடம். நடுவிலிருந்து ஒரு பந்து பட்டுத் தெறித்து இடதுபக்கம் உருண்டது. அங்கே யாருமே இல்லை. நாகுவுக்கு முன்னால் ஓரக்கோடு மட்டும், கோல் வரைக்கும், காலியாகக் கிடந்தது. கல்லூரியில்கூட அவ்வளவு பெரிய இடத்தை நான் பார்த்ததில்லை.

ஓடினாள்.

நான் சாரத்தின் மேல் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன். "போகாதே" என்று கத்தினேனா, "போ" என்று கத்தினேனா என்று எனக்குத் தெரியவில்லை. வீடியோவில் என் குரல் இருக்கிறது, சொல் புரியவில்லை. கோட்டின் சுண்ணாம்பு தெறிக்க ஐம்பது மீட்டர் ஓடி, தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்து, பந்தை நடுவில் ஓடி வந்தவளுக்கு வளைத்து அனுப்பினாள். கோல்.

மற்றவர்கள் கோல் போட்டவளின் மேல் விழுந்தபோது நாகு தனியாகக் கோட்டோரம் நின்று இரண்டு கையையும் விரித்தாள். பிறகு திரும்பி நடந்து வந்தாள். ஓடவில்லை, நடந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ அடியில் இடது முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது. அவள் பக்கத்தில் எவருமே இல்லை.

சுருட்டல்: 0.

ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். முகமெல்லாம் வியர்வை. "பாத்தியாடி?" என்றாள். "இன்னிக்கித்தான் எடம் கெடச்சுச்சு."

ரயில்வேயிலிருந்து யாரும் வந்திருக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஸ்கேனில் முழங்கால் தசைநார் முழுதாகக் கிழிந்திருப்பது தெரிகிறது. டாக்டர் நல்லவிதமாகப் பேசினார். ஒரு வருடம் என்றார்.

கிழித்தது எந்த ஓட்டம்? அவள் ஆசைப்பட்டு ஓடிய அந்த ஒன்றா, அதற்கு முன்னால் திரும்பி ஓடிய நூற்றைம்பத்து நான்கா? டாக்டரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். நான் சொல்லியிருக்காவிட்டால் அவள் வழக்கம்போல விரித்துச் சுருட்டி, நொண்டிக்கொண்டே ஆட்டத்தை முடித்து, சென்னைக்குப் போயிருப்பாளோ? முதல்நாளே சொல்லியிருந்தால்? எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் நான் நிற்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு ரகுராமன் சார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். நாகுவுக்கு ஆறுதல் சொன்னார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அந்த கோல் பாத்தீங்கல்ல? இடதுபக்கம் எவ்வளவு அகலம்! காலேஜ் ஆட்டம் இங்க செல்லும்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

அவர் அன்றைக்குக் கேள்விதான் கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ராணிக்கா வராந்தாவின் மறுகோடியில், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். சொல்லவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

காலையில் நாகு கேட்டாள், "அந்த லெட்டர் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" எடுத்துக் கொடுத்தேன். படித்தாள். மறுபடி என்னிடமே கொடுத்தாள்.

மதியம் அவளுடைய அண்ணன் காரோடு வந்து மானாமதுரைக்கு அழைத்துப் போனார்.

ஏப்ரல் 6, திங்கள்

மார்ச் 12 அன்று மதுரையில் நாகஜோதிக்கு ஆபரேஷன் நடந்தது. ஊன்றுகோலோடு நடக்கிறாள். ரயில்வே இடதுபக்கத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டது.

கிளப் ராணிக்காவுக்கு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தது. எனக்கும் கொடுத்தது. நாகுவின் இடத்துக்கு எங்கள் கல்லூரியிலிருந்தே ஒரு பெண் வருகிறாள். பத்தொன்பது வயது.

நான் கையெழுத்துப் போட்டேன்.